அடைக்கலம்: சொல்லும் சுவரும்

ஆங்கில நாளிதழில் 'அசைலம்' என்னும் சொல்லைக் காணும் மாணவர், அயல்நாடு ஒன்றில் அரசியல் தஞ்சம் கோரிய ஒருவரைப் பற்றிய செய்தி அஃது என உடனே உணர்வர். அதே சொல்லைப் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சென்னை மாநில அரசு ஆவணத்தில் காண்பாராயின், அது கீழ்ப்பாக்கத்துப் பித்தர் காப்பகத்தைச் சுட்டும். 1858ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றதும் உதகைக்கு அருகே லவ்டேலில் அமைந்துள்ளதுமான பள்ளியின் பழைய பெயரிலும் இச்சொல் உண்டு. ஆங்கே அது படைவீரர் பிள்ளைகளின், சிறப்பாகத் தந்தையை இழந்தோரின், இல்லம் எனப் பொருள்படும். நாடிழந்தவர், அறிவு பேதலித்தவர், பெற்றோரை இழந்த சிறுவர் ஆகிய மூவகையினரையும் ஒரே சொல் எவ்வாறு ஏற்றது? ஏற்ற சொல் அவர்களை எவ்வாறு நடத்திற்று? இவ்விரு வினாக்களையும் முன்வைத்து, நம் மொழியில் அதற்கு இணையாக வழங்கும் சொற்களையும் உடன்வைத்து நோக்குதல் இக்கட்டுரையின் எல்லையாகும்.

வேர்ப்பொருள்

இச்சொல் கிரேக்க மொழிக்குரியது. அம்மொழியில் 'ஸூலே' என்பது கைப்பற்றும் உரிமையைக் குறிக்கும். ஒரு நகரத்தார் மற்றொரு நகரத்தாரால் இழப்புற்றால், அந்நகரத்தார் எவரேனும் அகப்பட்டபோது அவரையோ அவர்தம் பொருளையோ பிடித்து ஈடுசெய்துகொள்ளும் வழக்கம் பண்டைக் கிரேக்கத்தில் இருந்தது. 'ஸூலே' என்பது அதுவே. அதன்முன் 'அ' என்னும் எதிர்மறை முன்னொட்டுச் சேரக் 'கைப்பற்றலாகாதது' என்னும் பொருளில் 'அஸூலோன்' பிறந்தது. இலத்தீன் வழியாக ஆங்கிலம் புகுந்து 'அசைலம்' ஆயிற்று.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. வேர்ப்பொருளில் கட்டடம் இல்லை, சுவர் இல்லை. இருப்பது ஒரு தடை மட்டுமே. அத்தடையும் துரத்தி வந்தவன்மேல் விதிக்கப்பட்டது. கோயில் எல்லைக்குள் கால் வைத்தவனைத் தொடலாகாது என வெளியே நிற்பவனை நோக்கிச் சொல்லப்பட்ட சொல் அது. உள்ளே புகுந்தவனுக்கு அச்சொல் இட்ட கட்டளை எதுவும் இல்லை. இந்த நுட்பத்தை மனத்தில் இருத்திக்கொண்டால் பின்வரும் வரலாறு தெளிவாகும் என்பது நம் கருத்து.

தடை தன் திசையை மாற்றிக்கொண்ட பழைய நிகழ்ச்சி ஒன்றைத் துசிதிதீஸ் என்னும் கிரேக்க வரலாற்றாசிரியர் பதிவு செய்துள்ளார். கி.மு. 479இல் பிளாட்டியாப் போர்க்களத்தில் பாரசீகரை வென்ற படைத்தலைவன் ஸ்பார்ட்டாவின் பவுசானியாஸ். பின்னாளில் அப்பாரசீகரோடே உறவாடினான் என்னும் குற்றம் அவன்மேல் எழுந்தது. சிறைபிடிக்க வருகின்றனர் என்பதை அறிந்த அவன், அதீனா தெய்வத்தின் கோயிலைச் சார்ந்த சிறு மனையொன்றில் ஓடிப் புகுந்தான். அதிகாரிகள் அவனைத் தொடவில்லை. மனையின் கூரையைப் பிரித்தனர். வாயிலைச் சுவர் எழுப்பி அடைத்தனர். வெளியே காவல் நின்றனர். உணவின்றி உயிர் ஒடுங்கும் வேளையில் வெளியே கொணர்ந்தனர். கொணர்ந்த அளவில் அவன் உயிர் நீங்கிற்று. சட்டம் எழுத்தளவில் மீறப்படவில்லை. ஆயினும் புகலிடமே கொலைக்களமாயிற்று. அடைக்கலத்தின் வரலாற்றில் கட்டப்பட்ட முதற்சுவர் என இதனைக் கொள்ளலாம் போலும்.

இவ்வுரிமை கோயில்களோடு நெடுங்காலம் வாழ்ந்தது. உரோமப் பேரரசில் கடனாளிகளும் அடிமைகளும் குற்றவாளிகளும் கோயில்களில் நிறைந்துவிட்டனர் என்று கருதிய திபேரியசின் காலத்து ஆட்சிமன்றம், கி.பி. 22இல் கிரேக்க நகரங்களின் புகலுரிமைகளை ஆராய்ந்து வரையறுத்தது. இங்கிலாந்தில் தேவாலயத்துள் புகுந்த குற்றவாளிக்கு நாற்பது நாள் அளிக்கப்பட்டது. அதற்குள் குற்றத்தை ஒப்பி, நாட்டைத் துறப்பதாக ஆணையிட்டுத் துறைமுகம் நோக்கி நடக்கவேண்டும். 1624இல் அவ்வழக்கம் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அரசின் கை எட்டாத இடம் நாட்டினுள் ஒன்று இருத்தலை அரசு பொறாது என்பதே அதன் உட்கிடை.

நம் சொற்கள்

தமிழில் இப்பொருள்படும் சொற்கள் பல. புகலிடம் என்பது புகுதல் என்னும் வினையடியாகப் பிறந்தது. சீர்காழியின் பன்னிரு பெயர்களுள் 'புகலி' என்பதும் ஒன்று. தேவர்கள் அஞ்சிப் புகுந்த இடமாதலின் அப்பெயர் பெற்றது என்பது தலபுராண வழக்கு. தஞ்சம் என்னும் சொல்லுக்குத் தொல்காப்பிய இடையியல் கூறும் பொருள் எண்மை, அஃதாவது எளிமை. எளியவராகி நிற்றல் என்னும் பொருளே நாளடைவில் பிறரைச் சார்ந்து நிற்றலைக் குறித்திருக்கலாம் எனத் தோன்றுகிறது. அகதி என்பது வடசொல். கதியற்றவர், போக்கிடமற்றவர் என விரியும். கிரேக்கச் சொல்லைப் போலவே இதுவும் 'அ' என்னும் எதிர்மறை முன்னொட்டால் அமைந்தது. ஆயின் கிரேக்கச் சொல்லில் இல்லாமை துரத்துபவனின் உரிமைக்கு. நம் வழக்கிலோ அது வந்தவரின் தலைமேல் ஏறிவிட்டது. ஈழத்தமிழர் ஆளும் 'ஏதிலி' என்னும் சொல்லும் இல்லாமையையே சுட்டுகிறது.

இவற்றுள் பொருள்வளம் மிக்கது 'அடைக்கலம்' என்பதே. வீட்டு இறப்பில் கூடுகட்டி வாழும் சிறு பறவைக்கு அடைக்கலக்குருவி எனப் பெயரிட்ட மக்கள், அக்குருவிக்கு எவரும் அனுமதிச் சீட்டு வழங்கவில்லை என்பதையும் அறிந்தே பெயரிட்டனர். கொலைநோக்கின்றி உயிர்க்கேடு செய்தவர் பழிவாங்குவோரிடமிருந்து தப்பிப் புகுதற்கென யூதர் மரபில் வகுக்கப்பட்ட ஆறு நகரங்களை விவிலியத் தமிழ் 'அடைக்கலப்பட்டணங்கள்' என மொழிபெயர்த்தது. இவற்றினும் சிறந்தது சிலப்பதிகார ஆட்சி. அடைக்கலம் என்பது புகலைக் குறிப்பதோடு, ஒருவர் மற்றொருவரிடம் நம்பி ஒப்படைத்த பொருளையும் குறிக்கும். கவுந்தியடிகள் கண்ணகியை மாதரி என்னும் ஆய்ச்சியிடம் ஒப்படைக்கும் பகுதிக்கு இளங்கோவடிகள் இட்ட பெயர் 'அடைக்கலக் காதை'. கண்ணகி புகுந்தவளுமாவாள், ஒப்படைக்கப்பட்டவளுமாவாள்.

மாதரி எக்குற்றமும் செய்தாளல்லள். கோவலன் கொலையுண்டது பொற்கொல்லன் சூழ்ச்சியாலும் பாண்டியன் பிழையாலும். அவ்வாறிருந்தும், தான் ஏற்ற அடைக்கலத்தை இழந்துவிட்டதாகக் கருதிய அவ்வாய்ச்சி எரி புகுந்து மாய்ந்தாள் என்பதை வஞ்சிக் காண்டத்தில் மாடலன் வாய்மொழியாக அறிகிறோம். கவுந்தியடிகளும் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்தார். மதுரையை எரித்த கண்ணகியைப் பேசும் நாம், தன்னையே எரித்துக்கொண்ட மாதரியைப் பெரும்பாலும் பேசுவதில்லை. புகலளித்தவரின் பொறுப்பு எத்துணைப் பெரிது என்பதற்குத் தமிழ் இலக்கியம் தரும் அளவுகோல் அவளே.

இவ்விரு பொருளும் ஒரு சொல்லில் பொருந்துதல் தமிழுக்கு மட்டும் உரியதன்று. அரபு மொழியில் 'அமான்' என்பது பாதுகாப்பு; 'அமானத்' என்பது நம்பி ஒப்படைத்த பொருள். இரண்டும் ஒரே வேரின. தமிழ் முஸ்லிம்கள் அன்றாடப் பேச்சில் வழங்கும் 'அமானிதம்' இவ்வேரிலிருந்து வந்ததே. ஒருவருக்கொருவர் தொடர்பற்ற இரு மொழிக்குடும்பங்கள், அஞ்சி வந்தவரையும் நம்பி வைத்த பொருளையும் ஒரே பெயரால் அழைத்திருப்பது எண்ணி மகிழ்தற்குரியது. ஒப்படைத்த பொருளுக்கு வைத்திருப்பவர் உரிமையாளர் ஆகார். குறைவின்றித் திருப்பித் தரவேண்டும். புகுந்தவர் நிலையும் அத்தகையதே.

அரேபியப் பாலைநிலத்தில் அரசு என ஒன்று வலுப்பெறாத காலத்திலேயே அடைக்கல மரபு வேரூன்றியிருந்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தாயிப் நகரத்தாரால் கல்லெறிந்து விரட்டப்பட்டு மக்கா திரும்பியபோது, நகருக்குள் நுழையக் காவல் தந்தவர் முத்இம் இப்னு அதீ என்பவர். அவர் இசுலாத்தைத் தழுவாதவர். அதற்குச் சில ஆண்டுகள் முன்னர், கி.பி. 615 அளவில், மக்காவின் கொடுமைக்கு ஆற்றாத முஸ்லிம்கள் சிலர் செங்கடல் கடந்து அபிசீனியாவில் புகல் தேடினர். அவர்களைத் திருப்பி அனுப்புமாறு கேட்டுக் குறைஷியர் பரிசுப்பொருள்களுடன் தூதனுப்பினர். நஜ்ஜாஷி என்னும் கிறித்தவ மன்னர் இருதரப்பையும் அழைத்து விசாரித்தார். அகதிகள் சார்பில் ஜஃபர் இப்னு அபீதாலிப் பேசினார். மன்னர் பரிசுகளைத் திருப்பிக் கொடுத்தார், மனிதர்களைக் கொடுக்கவில்லை. இசுலாமிய வரலாற்றின் முதற்புகல் பிற சமயத்தார் தந்தது என்பதை நம் மாணவர்கள் மறவாதிருத்தல் நலம்.

கி.பி. 630இல் மக்கா வெற்றிகொள்ளப்பட்டபோது நிகழ்ந்தது வேறொரு வகையில் குறிப்பிடத்தக்கது. உம்மு ஹானி என்னும் பெண்மணி தம் கணவர் வழி உறவினர் இருவருக்குத் தம் இல்லத்தில் புகலளித்தார். அவருடைய உடன்பிறந்தவரான அலீ (ரலி) அவர்கள் அவ்விருவரையும் கொல்ல முனைந்தபோது, வழக்கு நபிகளாரிடம் சென்றது. அப்பெண்மணி அளித்த புகல் அனைவரையும் கட்டுப்படுத்தும் எனத் தீர்ப்பாயிற்று. வென்ற படை முழுவதையும் தடுத்து நிறுத்தும் ஆற்றல் ஒரு பெண்ணின் சொல்லுக்கு இருந்தது. திருக்குர்ஆனின் 9ஆம் அத்தியாயம் 6ஆம் வசனம் பகைவரே புகல் கேட்டாலும் அளிக்கவேண்டும் என்பதோடு நில்லாது, அவரை அவருக்கு அச்சமற்ற இடத்தில் கொண்டு சேர்க்கவேண்டும் என்று மேலும் ஒரு கடமையை விதிக்கிறது. உள்ளே ஏற்றலோடு கடமை முடிவதில்லை; வெளியே சேர்ப்பித்தலும் அதன் பகுதி. இக்குறிப்பைப் பின்னர்ப் பயன்கொள்வோம்.

மருத்துவமனை பித்தர் காப்பகமாதல்

பாரசீகச் சொல்லான 'பீமாரிஸ்தான்' நோயாளர் இடம் எனப் பொருள்படும். திமிஷ்கில் 1154இல் நூருத்தீன் அமைத்ததும், கெய்ரோவில் 1284இல் கலாவூன் அமைத்ததும் எல்லா நோய்க்குமான பெருமருத்துவமனைகள். மனநோயாளர்க்கும் அவற்றில் தனிப்பகுதி இருந்தது. எதிர்னே நகரில் 1488இல் இரண்டாம் பாயஸீது நிறுவிய மருத்துவமனையில் மனநோயாளர்க்கு இசை வழங்கப்பட்டதைப் பதினேழாம் நூற்றாண்டுப் பயணி எவ்லியா செலபி வியந்து எழுதுகிறார். அவரே அங்குக் கண்ட சங்கிலிகளையும் குறிக்கத் தவறவில்லை. பெருமைக்குரியதை மட்டும் எடுத்துக்கொண்டு சங்கிலியை விட்டுவிடுதல் ஆய்வாகாது. காலப்போக்கில் எகிப்திய மக்கள் வழக்கில் 'மாரிஸ்தான்' எனக் குறுகிய அச்சொல், பித்தர் காப்பகத்தை மட்டும் குறிக்கலாயிற்று. பொதுப்பொருள் சிறப்புப்பொருளாய்ச் சுருங்கியது. அத்துடன் இழிபொருளும் ஏறிற்று.

இதே சுருக்கம் ஐரோப்பாவிலும் நிகழ்ந்தது. இலண்டனில் 1247இல் துறவியர் மடமாகத் தொடங்கிய பெத்லஹேம் இல்லத்தில் பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பித்தர்கள் இருந்தமைக்குச் சான்றுண்டு. பின்னர்ப் பொதுமக்கள் வந்து பித்தர்களை வேடிக்கை பார்க்கும் காட்சிச்சாலையாக அது தாழ்ந்தது. 1770இல்தான் அவ்வழக்கத்திற்குத் தடை வந்தது. ஏசுநாதர் பிறந்த ஊரின் பெயர் ஆங்கில மக்கள் நாவில் 'பெட்லம்' எனத் திரிந்து, கூச்சலையும் குழப்பத்தையும் குறிக்கும் பொதுச்சொல்லாயிற்று. 1790இல் யார்க் நகரக் காப்பகத்தில், உறவினர் பார்வையிட அனுமதிக்கப்படாத நிலையில் ஒரு குவேக்கர் சமயப் பெண் மாண்டார். அதனால் மனம் நொந்த வில்லியம் டியூக் என்னும் தேயிலை வணிகர் 1796இல் தம் சமயத்தார்க்கென ஓர் இல்லம் திறந்தார். அதற்கு அவர்கள் 'அசைலம்' எனப் பெயரிடவில்லை. ஓய்விடம் எனப் பொருள்படும் 'ரிட்ரீட்' என்றே வழங்கினர். சொல் அதற்குள்ளாகவே கறைபட்டிருந்தது எனலாம். சங்கிலியின்றி, அன்பான பேச்சு, தோட்ட வேலை, தேநீர் விருந்து ஆகியவற்றால் நோயாளரை நடத்தலாம் என அவ்வில்லம் காட்டியது.

1845ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்தின் ஒவ்வொரு மாவட்டமும் காப்பகம் கட்டவேண்டும் என விதித்தபோது, பின்பற்றப்பட்டது அவ்வில்லத்தின் பெயர்ப்புகழ் மட்டுமே. முப்பது பேர் வாழும் வீட்டில் இயன்றது ஆயிரம் பேர் அடைக்கப்பட்ட கட்டடத்தில் இயலவில்லை. உலகின் துன்பத்திலிருந்து நோயாளியைக் காப்பது என்று எழுப்பிய மதில், நோயாளியின் பார்வையிலிருந்து உலகைக் காப்பதாயிற்று. அமெரிக்கச் சமூகவியலார் எர்விங் காஃப்மன் 1961இல் வெளியிட்ட நூலுக்கு 'அசைலம்' என்பதன் பன்மையையே தலைப்பாக்கினார். காப்பகம், சிறை, பாசறை முதலியவை உண்ணல், உறங்கல், உழைத்தல் யாவற்றையும் ஒரே கூரையின்கீழ் ஒரே அதிகாரத்தின்கீழ்க் கொணரும் ஓரினத்தன என்பது அவர் முடிபு. நம் மாணவர் விடுதிக் காப்பாளர்கள் அந்நூலைப் படித்தால் சிறிது புன்னகைப்பர்.

சென்னையில் இச்சொல்

ஆங்கிலேயர் ஆட்சியில் 'அசைலம்' சென்னைக்கு வந்தபோது முதலில் அநாதை இல்லத்தையே பெரிதும் குறித்தது. எழும்பூரில் படைவீரரின் ஆண்பிள்ளைகளுக்கென இருந்த அசைலத்தில் 1789 முதல் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், மூத்த மாணாக்கர் இளையோர்க்குக் கற்பிக்கும் முறையை உருவாக்கி இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார். 'மதராஸ் முறை' என அங்கு அது பெயர் பெற்றது. மணலில் எழுத்தெழுதிப் பழகும் நம் திண்ணைப்பள்ளி வழக்கம் அதன் மூலங்களுள் ஒன்று. சென்னையில் ஆண்டுதோறும் வெளிவந்த அலுவலர் விவரத் தொகுப்புக்கு 'அசைலம் பிரஸ் அல்மனாக்' என்று பெயர். அநாதை இல்லத்தின் பெயரால் இயங்கிய அச்சகம் அதனை வெளியிட்டது. இன்று அப்பெயரைக் கேட்பவர் வேறுபடப் பொருள்கொள்வர்.

1794இல் வாலன்டைன் கொனொலி என்னும் கும்பினி மருத்துவர் சென்னையில் பித்தர் காப்பகம் ஒன்றைத் தொடங்கினார். 1871இல் கீழ்ப்பாக்கத்தில் அரசுக் காப்பகம் திறக்கப்பட்டது. 1920களில் அது மனநோய் மருத்துவமனை எனப் பெயர் மாறிற்று. இப்போது அரசு மனநலக் காப்பகம் என வழங்குகிறது. பெயர் எத்துணை முறை மாறினும் மக்கள் நாவில் 'கீழ்ப்பாக்கம்' என்னும் ஊர்ப்பெயரே வசைச்சொல்லாய் நின்றுவிட்டது. பெத்லஹேமுக்கு நேர்ந்தது கீழ்ப்பாக்கத்திற்கும் நேர்ந்தது. பெயர்மாற்றத்தால் பழி நீங்கும் என நம்புவோர் இவ்விரு சொற்களின் கதையையும் நோக்குவாராக.

1858, 1912ஆம் ஆண்டுச் சட்டங்கள் பித்தரை எவ்வாறு பிடித்து உள்ளே சேர்ப்பது என்பதிலேயே பெரிதும் கருத்துச் செலுத்தின. நடுவரின் ஆணையும் காவலரின் கையும் அவற்றில் முதன்மை பெற்றன. 'கைப்பற்றலாகாதது' என்னும் வேர்ப்பொருளுடைய சொல், கைப்பற்றிக் கொண்டு சேர்க்கும் இடத்தின் பெயராயிற்று. தடை முற்றிலும் திசைமாறிவிட்டது.

எல்லைக்கோட்டில் ஒருவர்

நாடிழந்தவரும் அறிவு பேதலித்தவரும் ஒரே மனிதராக நின்ற இடம் ஒன்று உண்டு. 1947 பிரிவினைக்குப் பின்னர், இந்தியாவும் பாகிஸ்தானும் கைதிகளைப் பரிமாறிக்கொண்டது போலவே மனநோயாளர்களையும் சமயம் பார்த்துப் பரிமாறிக்கொண்டன. 1950இல் இலாகூர்க் காப்பகத்திலிருந்த இந்து, சீக்கிய நோயாளர் எல்லை கடத்தப்பட்டு அமிர்தசரஸ் சேர்க்கப்பட்டனர். இங்கிருந்த முஸ்லிம் நோயாளர் அங்கு அனுப்பப்பட்டனர். அவர்களிடம் எவரும் விருப்பம் கேட்டதாகத் தெரியவில்லை.

பம்பாயை விட்டு இலாகூருக்குக் குடிபெயர்ந்த சஆதத் ஹசன் மண்ட்டோ, குடிநோய்க்காக அங்குள்ள மனநோய் மருத்துவமனையில் தாமே தங்கியவர். அவர் எழுதி 1955இல் நூலில் வெளிவந்த 'டோபா டேக் சிங்' என்னும் உருதுச் சிறுகதை இப்பரிமாற்றத்தைப் பொருளாகக் கொண்டது. பதினைந்து ஆண்டுகளாக நின்றுகொண்டே இருக்கும் பிஷன் சிங் என்னும் நோயாளி, தன் ஊர் எந்நாட்டில் உள்ளது என்று காண்பவரையெல்லாம் வினவுகிறான். தெளிவாக விடை சொல்வார் ஒருவரும் இல்லை. எல்லைக்குக் கொண்டுவரப்பட்டபின் இருபுறமும் செல்ல மறுத்து, இரு வேலிகளுக்கும் இடையிலுள்ள உரிமையற்ற நிலத்தில் விழுந்து கிடக்கிறான். எந்நாட்டாரும் கைவைக்காத அச்சிறு நிலமே பழைய கிரேக்கப் பொருளில் அவனுக்கு வாய்த்த 'அசைலம்' எனலாம்.

கேட்கும் உரிமை

1948ஆம் ஆண்டு மனித உரிமைப் பேரறிக்கையின் 14ஆம் பிரிவு, கொடுமைக்கு அஞ்சி அயல்நாட்டில் புகல் நாடவும் துய்க்கவும் எவர்க்கும் உரிமை உண்டு என்னும் கருத்தினது. அதன் முன்வரைவில் 'அளிக்கப்பெறவும்' என்னும் பொருள்படும் சொல் இருந்தது. பிரிட்டனின் திருத்தத்தால் அது நீங்கித் 'துய்க்கவும்' என்பது புகுந்தது. ஒரு சொல் மாற்றம். ஆயின் அதன் விளைவு பெரிது. கேட்பது மனிதரின் உரிமை, கொடுப்பது அரசின் விருப்பம் என்றாயிற்று. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கை இதனை ஓரளவு ஈடுசெய்தது. இனம், சமயம், நாட்டுரிமை, குறிப்பிட்ட சமூகப் பிரிவு, அரசியல் கருத்து ஆகியவற்றால் கொடுமைக்கு அஞ்சி வந்தவரை அச்சமுள்ள இடத்திற்குத் திருப்பி அனுப்பலாகாது என அதன் 33ஆம் பிரிவு அரசுகளைத் தடுக்கிறது. வேர்ப்பொருளுக்கு மிக அணுக்கமான தற்கால ஆட்சி இதுவே. தடை மீண்டும் அதிகாரத்தின்மேல் விழுந்தது.

ஆயினும் சுவர் விடவில்லை. கடல்வழி வந்தவர்களை ஆஸ்திரேலியா நவ்ரு, மானுஸ் தீவுகளில் ஆண்டுக்கணக்கில் அடைத்து வைத்தது. அவ்வாறு மானுசில் அடைபட்ட குர்தியர் பெஹ்ரூஸ் பூச்சானி, கைப்பேசியில் சிறுகச் சிறுக எழுதி அனுப்பிய நூல் 2018இல் வெளிவந்து ஆஸ்திரேலியாவிலேயே உயரிய பரிசு பெற்றது. நவ்ருவில் அகதிகளின் மனநோய்க்கு மருத்துவம் செய்துவந்த 'எல்லையற்ற மருத்துவர்கள்' அமைப்பினர் அதே ஆண்டு அக்டோபரில் வெளியேற்றப்பட்டனர். புகல் கேட்டு வந்தவர் பித்தராகும் இடத்தில் அச்சொல்லின் இரு பொருளும் ஒன்றையொன்று தொட்டன.

இந்தியா 1951 உடன்படிக்கையில் ஒப்பமிடவில்லை. இருப்பினும் 1959இல் திபெத்தியர், 1971இல் கிழக்கு வங்கத்திலிருந்து ஏறத்தாழ ஒரு கோடி மக்கள், 1983 முதல் இலங்கைத் தமிழர் என இந்நாடு ஏற்றோர் பலர். சட்டம் இல்லாதவிடத்தும் அறம் இருந்தது என இதனைப் போற்றலாம். அறத்தை மட்டும் நம்பியிருப்பவர் முறையிட இயலாது என்பதையும் மறத்தலாகாது. இலங்கைத் தமிழர் வந்திறங்கிய மண்டபம் முகாமின் வரலாறு விந்தையானது. ஆங்கிலேயர் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளரை நோய்ச்சோதனைக்காகத் தடுத்து வைத்த இடம் அது. போனவர் வழியும் வந்தவர் வழியும் ஒரே கொட்டகையாயிற்று. முகாம் வாழ்வில் வருகைப் பதிவும் வெளிச்செல்ல அனுமதியும் வழக்கமாயின. 2021இல் தமிழ்நாடு அரசு அகதிகள் முகாம் என்னும் பெயரை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என மாற்றியது. நற்சொல்லே. ஆனால், முகாமில் பிறந்து முகாமிலேயே மணமுடித்த தலைமுறைக்குக் குடியுரிமை என்னும் சொல்லே தேவைப்படுகிறது.

ஏர்வாடி

மண்டபம் அமைந்த அதே இராமநாதபுரம் மாவட்டத்தில், அதே மன்னார் வளைகுடாக் கரையில் உள்ளது ஏர்வாடி. ஆங்கு அடங்கியுள்ள சுல்தான் செய்யிது இபுராகிம் ஷஹீது அவர்களின் தர்காவுக்கு மனநோயுற்றோரைச் சமய வேறுபாடின்றி அழைத்து வருதல் நெடுநாள் வழக்கம். திருச்சி அருகே குணசீலத்துப் பெருமாள் கோயிலில் நாற்பத்தெட்டு நாள் தங்க வைப்பதும் இத்தகையதே. மருத்துவம் எட்டாத எளியோர் இறைவனின் வாயிலில் தம் பிள்ளையைக் கொண்டுவந்து அடைக்கலமாக ஒப்படைத்தனர். அந்நம்பிக்கையை இகழ்தல் நம் கருத்தன்று. ஆனால் தர்காவைச் சுற்றித் தனியார் சிலர் 'இல்லங்கள்' நடத்தினர். பணம் பெற்றுக்கொண்டு, ஓலைக்கொட்டகையில் நோயாளரைச் சங்கிலியால் பிணித்தனர்.

2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்காலையில் அத்தகைய கொட்டகை ஒன்று தீப்பற்றியது. சங்கிலியில் இருந்தவர்கள் ஓட இயலவில்லை. 28 பேர் மாண்டனர். உச்சநீதிமன்றம் தானே முன்வந்து எடுத்துக்கொண்ட அவ்வழக்கின் தலைப்பில், மாண்டோர் தொகை முதற்செய்திகளின்படி 25 என உள்ளது. சங்கிலி என்னும் சொல்லும் உள்ளது. தீ நிகழ்ந்த இடத்தைக் குறிக்க அத்தலைப்பு ஆண்ட சொல் 'அசைலம்'.

அடைக்கலத்தை இழந்ததற்காக எரி புகுந்த ஆய்ச்சியை நம் இலக்கியம் படைத்தது. அதே தமிழ் வழங்கும் நிலத்தில் அடைக்கலமாய் வந்தோர் எரிந்தனர். பிணித்தவர்கள் மட்டும் அதற்குப் பொறுப்பாளிகள் அல்லர். கொண்டுவந்து விட்டுச்சென்றபின் திரும்பிப் பாராத குடும்பங்கள் இருந்தன. புனிதத் தலத்தின் வாயிலில் சங்கிலியொலியைக் கேட்டுப் பழகிப்போன பயணிகளும் இருந்தனர். தர்காவுக்குச் சென்று துஆக் கேட்டுத் திரும்பிய நம்மவர் பலரும் அவ்வொலியைக் கேட்டவர்களே.

இல்லங்கள் மூடப்பட்டன. நோயாளர் அரசு மருத்துவமனைகளுக்கு மாற்றப்பட்டனர். தர்காவுக்கு அருகிலேயே மருந்தும் துஆவும் உடன்செல்லும் வகையில் அரசு மனநலச் சேவை பின்னர்த் தொடங்கப்பட்டது. வழிபாட்டை விடச் சொல்லாது மருந்தையும் உடன் தருவது அதன் முறை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவு, மனநோயுற்றவரை எவ்வகையிலும் எவ்வடிவிலும் சங்கிலியிடலாகாது எனத் தடுக்கிறது. இங்கும் தடை அதிகாரமுடையவர் மேல் விழுந்திருப்பது நோக்கத்தக்கது.

அச்சட்டத்தின் 19ஆம் பிரிவு இன்னும் ஆழமானது. குடும்பம் இல்லை, வீடு இல்லை, ஏற்பதற்கு ஊரில் இடமில்லை என்னும் காரணங்களுக்காக மட்டும் ஒருவரை மனநல நிலையத்தில் தொடர்ந்து வைத்திருத்தல் ஆகாது என்கிறது. ஏற்றுக்கொள்வதோடு நில்லாது அச்சமற்ற இடத்தில் சேர்ப்பித்தல் என மேலே கண்ட கடமை, சட்டமொழியில் மீண்டும் வந்திருக்கிறது. நலம்பெற்றோர் தங்கும் இடைநிலை இல்லங்களை அரசுகள் அமைக்கவேண்டும் என்பதும் அதன் தொடர்ச்சி. நலம் பெற்ற பின்னும் மருத்துவமனையிலேயே தங்கிவிட்டோரைப் பற்றி உச்சநீதிமன்றம் 2017இல் மாநிலங்களுக்கு நெறிமுறை வகுக்கச் சொன்னதும் இது கருதியே.

மனநல மருத்துவமனைகளில் பணிபுரிவோர் பன்முறை சொல்லும் செய்தி ஒன்றுண்டு. நோயாளர் நலமடைகிறார், மருத்துவர் கையொப்பமிடுகிறார், சேர்க்கைப் பதிவேட்டில் உறவினர் எழுதித்தந்த முகவரிக்குக் கடிதம் போகிறது. அம்முகவரியில் அப்படி ஒருவரும் இல்லை என்னும் குறிப்போடு கடிதம் திரும்பி வருகிறது. வாயில் திறந்திருக்கிறது, அவர் துணிமூட்டையைக் கட்டிவைத்துக்கொண்டு வாரந்தோறும் அலுவலகத்தில் வந்து கேட்கிறார்.